இருபத்திரண்டு முறை வகையிடுக

வினாத்தாளில் நேர்ந்த பிழை என்னவோ ரொம்பச் சின்னது. x-இன் தலைமேல் ஒரு 2 உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு 2 உட்கார்ந்துவிட்டது. தட்டச்சு செய்தவருக்கு விரல் தடுமாறியதோ, டீ வந்த நேரமோ, தெரியாது. மேலே 22 என்று விழுந்ததைப் பார்த்துவிட்டு, கீழேயும் அப்படித்தான் போலிருக்கிறது என்று அங்கேயும் 22 என்றே போட்டுவிட்டார். ஆக, மாவட்டம் முழுக்கப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கணித மாதிரித் தேர்வில், ஐந்து மதிப்பெண்ணுக்கான நாற்பத்தொன்றாம் கேள்வி இப்படி வந்து சேர்ந்தது: x முடிவிலியை நோக்கிப் போகிறது. தொகுதியில் 3x²² + 5x. பகுதியில் x²² + 7. எல்லை காண்க.

கணக்கைப் பள்ளியோடு விட்டுவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. x என்பது வளர்ந்துகொண்டே போகிற எண். அது ஆயிரமாகி, கோடியாகி, அளவில்லாமல் பெருத்துப் போகும்போது இந்தப் பின்னம் எந்த எண்ணை நெருங்கும் என்பதுதான் கேள்வி. மேலேயும் கீழேயும் இரண்டுமே முடிவில்லாமல் பெருகுவதால் சட்டென்று சொல்ல முடியாது. அதற்கு லோபிதாலின் விதி என்று ஒன்று இருக்கிறது. மேலே இருப்பதை ஒரு தடவை வகையிட வேண்டும், கீழே இருப்பதை ஒரு தடவை வகையிட வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் x-இன் அடுக்கு ஒன்று குறையும். அடுக்கு 2 என்றால் இரண்டு தடவையில் வேலை முடிந்து 3 என்று விடை வந்துவிடும். அடுக்கு 22 என்றால் இருபத்திரண்டு தடவை. நல்ல விதிதான். விதியின்மேல் யாருக்கும் கோபம் இல்லை.

மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவில், பெயர் சொல்ல அவசியமில்லாத ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தாள் அமராவதி. தேர்வன்று மேற்பார்வைக்கு நின்றதும் அவள்தான். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் துணைத்தாள் கேட்டு எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். பன்னிரண்டரைக்குப் பாலகுரு என்கிற பையன் ஒன்பதாவது துணைத்தாள் வாங்கினான். அவன் முகத்தில் பத்து நாள் காய்ச்சல் வந்தவனின் களை இருந்தது. தாள்களைக் கட்டும் நூல் தீர்ந்துபோனதால், தலைமை ஆசிரியர் திருமுருகன் எதிர்க்கடைக்கு ஆள் அனுப்பி உப்பு மூட்டை தைக்கிற சணல் வாங்கி வரச் சொன்னார். சணலால் கட்டிய விடைத்தாள்கள் மேசைமேல் மூட்டை மூட்டையாகவே கிடந்தன.

அந்தக் களேபரத்தில் ஒரே ஒரு பெண் மட்டும் பேனாவை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். சத்யப்ரியா. அம்மா ஆராயி உப்பளத்தில் வேலை செய்கிறவள். துணைத்தாளே வாங்காமல் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'x பெரிதாகப் பெரிதாக 5x-உம் 7-உம் ஒரு பொருட்டே இல்லை. மிஞ்சுவது மேலே 3x²², கீழே x²². ஆகவே எல்லை 3.'

இந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு மதியம் இருக்கிறது. ஐப்பசி மழையில் கரண்ட் போய், வகுப்பு இருண்டு, கையேட்டில் உள்ளதை ஒப்பிக்க வைக்க முடியாமல் போன ஒரு மதியம். வேறு வழியில்லாமல் அமராவதி அன்றைக்கு உண்மையாகவே பாடம் நடத்தினாள். x ரொம்பப் பெரிசாகப் போனால் அந்தச் சின்ன உறுப்புகள் என்ன ஆகும் என்று கேட்டாள். எல்லாரும் முழிக்க, சத்யப்ரியா எழுந்து சொன்னாள்: "எங்கம்மா அளத்துலேந்து மேல ஏறி வரும்போது கால்ல உப்பு ஒட்டினு வரும் மிஸ். குவியல அளக்கும்போது அதையெல்லாம் யாரும் சேக்க மாட்டாங்க." அமராவதிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அதேதான்டி! எல்லாரும் நோட்டுல எழுதிக்கோங்க" என்று கத்தினாள். பன்னிரண்டு வருட வேலையில் தான் ஆசிரியை என்று அவளுக்கே நம்பிக்கை வந்த ஒன்றிரண்டு நாட்களில் அது ஒன்று.

ஆகவே விடைத்தாள் கைக்கு வந்ததும் யோசிக்காமல் ஐந்துக்கு ஐந்து போட்டாள். அந்த ஐந்தில்தான் எல்லாமே இருந்தது. மாவட்டத்தில் முதல் நாற்பது பேருக்குப் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு ஒரு மாதம் தங்கிப் படிக்க இலவச முகாம் நடக்கும். உப்பளத்துத் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட அதுவரை அதற்குப் போனதில்லை. ஐந்தோடு சேர்த்தால் சத்யப்ரியா முப்பத்தெட்டாவது. ஐந்து இல்லையென்றால் பட்டியலிலேயே இல்லை.

வம்பு, மாவட்டக் கணிதச் செம்மைக் குழுவின் வழியாக வந்தது. பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்று ஒரு காலத்தில் யாரோ வருத்தப்பட்டதால் உண்டான குழு அது. இப்போது அதற்குச் சொந்தமாக ஒரு முத்திரையும், குளிரூட்டிய அறையும், வாசலில் செருப்பு வைக்க ஒரு மரச்சட்டமும் இருந்தன. 22 என்பது அச்சுப்பிழை என்று தேர்வு முடிந்த மறுநாளே ஏழெட்டுப் பள்ளிகள் எழுதின. குழு உடனே சுற்றறிக்கை விட்டது. 'மேற்படி வினாவில் பிழை ஏதுமில்லை. அது உயர்நிலைச் சிந்தனை வினா. x இருக்கும்வரை வகையிட வேண்டும். நடுவில் அடித்துத் தள்ளுதல் ஒழுங்கீனமாகக் கருதப்படும்.'

கடைசி வாக்கியம் யாருக்கென்றால், இரண்டாவது படியிலேயே மேலே 1386x²⁰, கீழே 462x²⁰ என்று வந்ததும், x²⁰-ஐ x²⁰-ஆல் அடித்து 3 என்று முடித்துவிட்ட சில கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு ஆளுக்கு ஒன்றரை மதிப்பெண் கிடைத்தது. இருபத்திரண்டு படியும் விடாமல் போய், நடுவில் எங்கேயோ பெருக்கல் பிசகி, விடை 5 என்று எழுதிய பாலகுருவுக்கு நாலரை. கூடவே, விடாமுயற்சிக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். அதை வாங்கும்போது அவன் விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

விடைத்தாள்களை மறுபடி சரிபார்த்த குழு, ஒரு புள்ளிவிவரம் எடுத்தது. நாற்பத்தொன்றாம் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவர்கள் சராசரியாகப் பதினொரு துணைத்தாள் எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு மாணவி மட்டும் பூஜ்யம் துணைத்தாள். இது புள்ளிவிவரத்தின் அழகையே கெடுத்தது. அமராவதிக்குக் கடிதம் வந்தது: நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கவும்.

திருமுருகன் கடிதத்தை அவளிடம் நீட்டினார். "ஏம்மா, அடுத்த மாசம் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங். மெமோ கிமோ வாங்கிட்டா உள்ளயே விட மாட்டாங்க. பாத்துப் பேசிட்டு வாங்க" என்றார். அமராவதியின் வீடு திண்டிவனத்துக்கு மேற்கே. ஐந்தரைக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி வந்து, ராத்திரி எட்டுக்கு வீடு திரும்பி, ஆறு வருடமாக அந்தக் கவுன்சிலிங்குக்குத்தான் காத்திருந்தாள். அவளுடைய ஐந்து வயது மகள் அம்மாவை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மாதிரிதான் பார்த்தாள்.

குழுவின் தலைவர் முனைவர் தெய்வசிகாமணி. நல்ல மனுஷர். யாரையும் உட்காரச் சொல்லாமல் பேசமாட்டார். அவருக்குப் பக்கத்தில் புருஷோத்தமன் உட்கார்ந்திருந்தார். வினாத்தாள் தயாரித்தவரும் அவர், விடைக்குறிப்பு தயாரித்தவரும் அவர், வினாத்தாளில் பிழை இருக்கிறதா என்று விசாரித்து இல்லை என்று அறிக்கை கொடுத்தவரும் அவர்.

"உக்காருங்க மேடம். டீ சாப்பிடுங்க" என்றார் தலைவர். "யாரையும் தண்டிக்க நாங்க இங்க உக்காரல. வழியக் காப்பாத்த உக்காந்திருக்கோம். விடைன்றது பெரிய விஷயமே இல்ல. மூணுன்றது யாருக்கு வேணா வரும். ஆட்டோ சக்கரத்த எண்ணினாக்கூட மூணுதான். ஆனா இருபத்திரெண்டு படி எறங்கி வந்த மூணு இருக்கு பாருங்க, அதுக்கு ஒரு மரியாத இருக்கு."

"சார், அந்த மூணும் இந்த மூணும் ஒரே மூணுதானுங்களே" என்றாள் அமராவதி.

தலைவர் வருத்தத்தோடு புருஷோத்தமனைப் பார்த்தார். கணக்கு டீச்சரே இப்படிக் கேட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பது போன்ற பார்வை.

"மேடம், நான் ஓப்பனா சொல்றேன்" என்றார் புருஷோத்தமன். "புரிஞ்சி எழுதறவங்கள வச்சிக்கிட்டு ஒரு சிஸ்டம் நடத்த முடியாது. ஒருத்தருக்கு ஒரு மாதிரி புரியும், இன்னொருத்தருக்கு இன்னொரு மாதிரி புரியும். யாரு எங்க எத்தன மார்க்குன்னு எப்படிப் பிரிக்கறது? புரியாம எழுதறவங்க எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவாங்க. திருத்தறதுக்கு சௌகரியம். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது இதுதான்."

அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் அதைக் குறித்தும் வைத்துக்கொண்டார்.

அமராவதிக்கு அப்போது கொஞ்சம் தைரியம் இருந்தது. "சார், அந்தப் பொண்ணு எழுதினது பதினொண்ணாம் வகுப்புப் புத்தகத்துல இருக்கற விஷயந்தான்" என்றாள்.

"பதினொண்ணாம் வகுப்புல எழுதியிருந்தா நானே கூப்புட்டுக் கை குடுத்திருப்பேன்" என்றார் தலைவர். "பன்னண்டாவது வந்தப்புறம் எப்படிங்க எழுதலாம்?"

பிறகு, நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, சரியான வழி எது என்று நேரிலேயே காட்டிவிடலாம் என்று குழு முடிவு செய்தது. புருஷோத்தமன் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பலகைக்குப் போனார். முதல் வகையிடல், 66x²¹ + 5, கீழே 22x²¹. இரண்டாவது, மூன்றாவது. ஆறாவதில் பலகை தீர்ந்தது. ஒரு பியூன் அழிக்க, அவர் எழுத, மறுபடி அழிக்க, எண்கள் பலகைக்கு வெளியே ஓடின. பதினொன்றாவது படியில் டீ. பதினாலாவது படியில் மேலே பெருக்க வேண்டியது ஒன்பதாலா எட்டாலா என்று இரண்டு உறுப்பினர்களுக்குள் வாக்குவாதம் வந்து, ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போய், சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார். மூன்றரை மணிக்கு இருபத்திரண்டாவது படி முடிந்தது. மேலே இருபத்திரண்டு இலக்கத்தில் ஒரு எண், கீழே இருபத்திரண்டு இலக்கத்தில் இன்னொரு எண். வகுத்துப் பார்த்தார்கள். மூன்று புள்ளி பூஜ்யம் நான்கு.

இனி அச்சுப்பிழையை ஒப்புக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்று அமராவதி நினைத்தாள். குழுக்களைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

தெய்வசிகாமணி தொண்டையைச் செருமினார். "இப்பத்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வருது. அஞ்சு பேர், அதுல ரெண்டு டாக்டரேட், காலையிலேந்து ஒக்காந்து போட்டும் நமக்கே சரியா மூணு வரல. உப்பளத்துல வேல செய்யறவங்க வீட்டுப் பொண்ணுக்கு ரெண்டு வரில எப்படி வரும்? நீங்களே சொல்லுங்க மேடம். அது எங்கியோ பாத்து எழுதியிருக்கு."

"பிரமாதம் சார்" என்றார் புருஷோத்தமன். உண்மையாகவே நெகிழ்ந்து போயிருந்தார். சாக்பீஸ் தூள் புருவம் வரைக்கும் ஏறியிருந்தது.

ஒரு படிவம் நீட்டினார்கள். அதில் இரண்டே கட்டம். 'அ. ஆசிரியர் விதிக்குப் புறம்பான முறையைக் கற்பித்தார். ஆ. மாணவர் பிறரைப் பார்த்து எழுதினார்.' ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

"சார், அவளுக்குப் புரிஞ்சிதான் எழுதியிருக்கா. அதுக்குக் கட்டம் இல்லீங்களா?"

"ஃபாரத்துல இல்லாதது நடந்திருக்க வாய்ப்பில்லீங்க" என்றார் தலைவர் அன்பாக. "அ போட்டீங்கன்னா உங்களுக்கு மெமோ. கவுன்சிலிங் இந்த வருஷம் கெடையாது, அடுத்த வருஷமும் சந்தேகம். ஆ போட்டீங்கன்னா பொண்ணுக்கு ஒண்ணும் பெருசா இல்ல. அஞ்சு மார்க் போகும். ஒரு மன்னிப்புக் கடிதம். சின்னப் பொண்ணு, மறந்துடும்."

அமராவதி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்யப்ரியாவைத்தான் நினைத்தாள் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அவள் நினைத்தது திண்டிவனம் பஸ்ஸை. காலை ஏழு மணிக்கு மகளுக்குத் தலை பின்னி விடுவதை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு ஸ்கூட்டியில் பத்து நிமிடத்தில் போய் இறங்குவதை. அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க அரை நொடி ஆனது. 'ஆ'.

"கீழ உங்க கையால ஒரு வரி எழுதிடுங்க மேடம். டிக் மட்டும் போட்டா அப்புறம் கேள்வி வரும்" என்றார் புருஷோத்தமன். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: 'இம்முறையை நான் கற்பிக்கவில்லை. இப்படி ஒரு முறை இருப்பதே எனக்குத் தெரியாது.' கையெழுத்து, தேதி. எழுதி முடித்ததும் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. தட்டில் போண்டா வந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காலையிலிருந்து பசி. இரண்டு தின்றாள், சட்னியோடு. பிற்பாடு அவளை ரொம்ப நாள் அறுத்தது கையெழுத்துகூட இல்லை, அந்த இரண்டாவது போண்டா.

அடுத்த வாரம் தலைமை ஆசிரியர் அறைக்கு ஆராயியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பாதி வேலையில் வந்தவள், முழங்கால் வரை உப்பு பூத்த கால்களோடு வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே தரை அழுக்காகிவிடும் என்று பயம். திருமுருகன் விஷயத்தைச் சொன்னார். பட்டியலில் பேர் எடுத்துவிட்டார்கள் என்றும், கேஸ் ஏதும் இல்லை என்றும், பெண் பிள்ளை என்பதால் பெரிய மனது பண்ணிவிட்டார்கள் என்றும் சொன்னார்.

ஆராயி அமராவதியின் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "மன்னிச்சிக்கோ டீச்சர். உன் பேரக் கெடுத்துட்டா. ஊட்ல எப்பப் பாத்தாலும் எங்க மிஸ்ஸு, எங்க மிஸ்ஸுன்னுதான் சொல்லினு கெடப்பா. இப்படிச் செய்வான்னு நெனக்கல."

அமராவதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "பரவால்லம்மா" என்று வந்தது. தன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு அவளுக்கே உடம்பு கூசியது. தான் மன்னிக்கிறவளாம். வெட்கத்தில் காது மடல் வரை சுட்டது. ஆராயி போன பிறகும் வாசலில் ஈரக் கால்தடம் கொஞ்ச நேரம் கிடந்து, காய்ந்து, வெள்ளையாகத் தெரிந்தது. பியூன் வந்து துடைத்தார்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம். ஆசிரியர் அறையில் அமராவதி மட்டும் டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். சத்யப்ரியா வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், உள்ள வரலாமா? ஒரு டவுட்டு."

அழுத முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அப்படி இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்க வரும்போது எப்படி வருவாளோ அப்படித்தான் வந்தாள், பேனாவும் கையுமாக. மன்னிப்புக் கடிதப் படிவத்தை மேசைமேல் விரித்தாள். பேர், வகுப்பு, தேர்வு எண், செய்த தவறு எல்லாம் குண்டு குண்டான எழுத்தில் நிரப்பியிருந்தாள். 'பார்த்து எழுதினேன்' என்று எழுதிய இடத்தில்கூட ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

"நீங்க சொல்லிட்டீங்கன்னு ஹெச்.எம். சார் சொன்னாரு. அதான் எழுதிட்டேன் மிஸ். ஆனா அஞ்சாவதுல யாரப் பாத்து எழுதினேன்னு பேர் போடணுமாம். காலியா வுடக் கூடாதாம். எனக்கு முன்னாடி பாலகுரு, பின்னாடி சரண்யா. ரெண்டு பேருமே இருபத்திரெண்டு தடவ போட்டிருக்காங்க. அவங்களப் பாத்து எழுதியிருந்தா எனக்கும் அவ்ளோ வந்திருக்கணும் இல்ல? ரெண்டு நாளா யோசிச்சிட்டேன் மிஸ். யார் பேரப் போட்டாலும் கணக்கு இடிக்குது."

ஜன்னலுக்கு வெளியே ஈசிஆர் சாலையில் பஸ் போகிற சத்தம் கேட்டது. அமராவதி டிபன் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"எம் பேரப் போடு. நான்தான் சொல்லிக் குடுத்தேன். அன்னிக்கி கிளாஸ்ல... நீ எழுது, நான் பாத்துக்கறேன்."

சத்யப்ரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். படிவத்தைத் திருப்பினாள். பின்னால் குண்டூசி குத்தி ஒரு ஜெராக்ஸ் இணைத்திருந்தார்கள். அமராவதியின் கையெழுத்து. அந்த இரண்டு வாக்கியத்தின் கீழேயும் யாரோ சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள்.

"அது ஒத்துக்க மாட்டாங்க மிஸ்" என்றாள் பெண், ஒரு படி விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டுகிற குரலில். "உங்களுக்கு இது தெரியவே தெரியாதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. தெரியாதவங்களப் பாத்து நான் எப்படி எழுத முடியும்? திருப்பி அனுப்பிடுவாங்க."

பேனா மூடியைக் கழற்றி, ஐந்தாவது கட்டத்தில் முனையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வேற யாராவது சொல்லுங்க மிஸ். பெல் அடிக்கப் போறாங்க."